முற்றத்துப் பூண்டுகளின் பெயர்களும் வீட்டு மருத்துவ அறிவும்

முன்னுரை

வீட்டு முற்றத்திலும் கிணற்றடியிலும் வரப்போரத்திலும் விதைப்பாரின்றி முளைக்கும் பூண்டுகள் பல தமிழரிடையே கைமருந்தாக வழங்கி வருகின்றன. சித்த மருத்துவ நூல்கள் ஒருபுறமிருக்க, இல்லங்களில் இவ்வறிவு பெரிதும் வாய்மொழியாகவே கைமாறியது. அதனைச் சுமந்த கருவிகளுள் ஒன்று செடியின் பெயர். அப்பெயர் எவ்வளவு நம்பத்தக்க வழிகாட்டி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உருவம் சுட்டும் பெயர்

கீழாநெல்லி என்னும் பெயர் அடையாளக் குறிப்பாகவே அமைந்துள்ளது. இலைவரிசையின் கீழ்ப்புறத்தில் சிறு நெல்லி போன்ற காய்கள் வரிசையாகத் தொங்குவதை அது உணர்த்துகிறது. எனினும் ஃபில்லாந்தஸ் அமாரஸ், ஃபில்லாந்தஸ் யூரினேரியா ஆகிய இரண்டிலும் காய்கள் கீழ்ப்புறமே உள்ளன. முன்னதன் காய் வழவழப்பானது, சிறு காம்புடையது. பின்னதன் காய் சொரசொரப்பானது; பெரும்பாலும் காம்பற்றது. பெயர் ஒரு கூறினைக் காட்டுகிறதேயன்றி, இனத்தை முற்றாக வரையறுப்பதில்லை.

பயன் சுட்டும் பெயர்

டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ் என்னும் செடி வெட்டுக்காயப் பூண்டு எனவும் கிணற்றடிப் பூண்டு எனவும் வழங்குகிறது. முதற்பெயர் பயனையும் இரண்டாம் பெயர் வாழிடத்தையும் குறிக்கின்றன. இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. எனவே, 1492இல் கொலம்பசு அக்கண்டத்தை அடைந்த பின்னரே இது இந்தியாவிற்கு வந்திருத்தல் கூடும். வந்தேறிய செடிக்கும் மக்கள் பயன் கண்டு தமிழ்ப்பெயர் இட்டுள்ளனர். ஆகவே, நாட்டு மருத்துவ அறிவு முழுவதும் பழமையின் எச்சமன்று; புதியதை நோக்கி, சோதித்து, பெயரிட்டுச் சேர்த்துக்கொள்ளும் தொடர்செயல் என்பது புலனாகிறது.

பெயரும் நம்பிக்கையும்

பெயர் பயனைக் கூறுவதாலேயே பயன் மெய்ப்பிக்கப்பட்டதாகாது. கல்லீரல் அழற்சி 'பி' கிருமியைச் சுமந்தோரிடம் ஃபில்லாந்தஸ் அமாரஸ் கொண்டு சென்னையில் நிகழ்ந்த ஆய்வு 1988இல் வெளியானது. மருந்து பெற்ற 37 பேருள் 22 பேரிடம் கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாக அது தெரிவித்தது. பிறவிடங்களில் நடந்த பிற்கால ஆய்வுகள் இம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. மேலும், மஞ்சள் காமாலை தனி நோயன்று, நோயின் அறிகுறி. கிருமித்தொற்றாலும் தோன்றும், பித்தநாளத்தைக் கல் அடைப்பதாலும் தோன்றும். அடைப்பினைச் செடிச்சாறு நீக்காது. அதனை நம்பிக் காத்திருக்கும் நாள்கள் நோயாளிக்குக் கேடாகலாம்.

குப்பைமேனி மற்றொரு சான்று. இதன் இலையை மஞ்சளும் உப்பும் கூட்டி அரைத்துச் சொறி, சிரங்கிற்குப் பூசுவது வழக்கம். ஆனால் ஜி-6-பி-டி நொதிக் குறைபாடுடையோர் இச்செடியை உட்கொண்டமையால் குருதிச் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஒருவருக்கு உணவாகும் கீரை மற்றொருவருக்கு நஞ்சாகலாம். அவ்வேறுபாட்டைச் செடியின் பெயர் அறிவிப்பதில்லை.

முடிவுரை

முற்றத்துப் பூண்டுகளின் பெயர்கள் உருவம், பயன், வாழிடம் என்னும் மூன்றனைப் பதிவு செய்கின்றன. அளவையும் விலக்கையும் பதிவு செய்வதில்லை. அவற்றைப் பெயரோடு சேர்த்துச் சொல்லிவந்தது மூத்தோரின் வாய்மொழி. அவ்வாய்மொழி அருகப் பெயர் மட்டும் எஞ்சுமாயின், பாதி அறிவே முழு அறிவாகத் தோன்றும். எனவே வட்டாரந்தோறும் பெயர்களைத் தொகுப்போர், அவற்றோடு வழங்கும் பக்குவம், அளவு, விலக்கு ஆகியவற்றையும் செடியின் மாதிரியையும் உடன் பதிவு செய்தல் இன்றியமையாதது.