பனிமலைக்கு ஏற்ற சப்பாத்து

1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் அதிகாலை. எவரெஸ்டுச் சிகரத்தின் கீழே, சுமார் 27,900 அடி உயரத்திலமைந்த கூடாரத்தில் ஹிலாரி கண்விழித்தார். இரவிற் கழற்றிவைத்த சப்பாத்துகள் உறைந்து கல்லாய்க் கிடந்தன! அடுப்பனலில் அவற்றை இளக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரஞ் சென்றது. சப்பாத்துடனே உறங்கிய தென்சிங்குக்கு இத்தொல்லை நேரவில்லை.

இதனால் நாம் அறிவது யாது? குளிருக்குத் துணை ஈரமே. ஆதலின், பனிமலை ஏறுவோர் ஈரம் புகாத சப்பாத்தையே தேர்தல் வேண்டும். தடித்த கம்பளிக் காலுறையை அணிந்துகொண்டே அளவு பார்த்தல் வேண்டும். விரல்கள் அசைய இடமிருத்தல் அவசியம்; இறுகப் பிடித்தால் இரத்தவோட்டந் தடைப்பட்டு, விரல்களையே இழக்க நேரிடலாம். இரவிற் கழற்றினால் படுக்கைப் பையினுள்ளே வைத்தல் நன்று.

உலகின் உச்சியைத் தொடப் புறப்பட்டவரையே ஒரு சோடிச் சப்பாத்து காக்கவைத்ததை நாம் மறவாதிருப்போமாக.