மெயின்ஷீட்டை எங்கே கட்டுவது?

சிறிய பாய்ப்படகில் பெரிய பாயை உள்ளே இழுக்கவும் வெளியே தளர்த்தவும் உதவும் கயிறே மெயின்ஷீட். பெரும்பாலான சிறு படகுகளில் பாயின் அடிப்பக்கத்தில் பூம் எனப்படும் கிடைத்தடி இருக்கும். அதன் முன்முனை பாய்மரத்தோடு பிணைந்திருக்கும்; பின்முனை இருபக்கமும் ஆடும். மெயின்ஷீட்டின் மேல்முனை இந்தப் பூமிலும் கீழ்முனை படகின் உடலிலும் கட்டப்படுகின்றன. இவ்விரு இடங்களையும் எங்கே வைப்பது என்பதைப் பொறுத்தே இழுக்கத் தேவையான பலமும், பாயின் வடிவமும், ஆபத்து நேரத்தில் கயிற்றை விடும் வேகமும் அமைகின்றன.

வழக்கில் இரண்டு முறைகள் உள்ளன. பூமின் பின்முனையிலிருந்து படகின் பின்பலகைக்குக் கயிறு இறங்குவது ஒன்று. பூமின் நடுவிலிருந்து படகின் நடுத்தளத்துக்கு இறங்குவது மற்றொன்று. கொழும்புக்குத் தெற்கேயுள்ள பொல்கொட ஏரியில் ஓட்டப்படும் ஜிபி-14, என்டர்பிரைஸ் ஆகிய இரு படகு வகைகளையும் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தார். முன்னது 1949ஆம் ஆண்டிலும் பின்னது 1956ஆம் ஆண்டிலும் வந்தன. இவ்விரு வகையிலும் பின்பலகையில் கயிறு கட்டிய படகுகளும் உண்டு, நடுவில் கட்டியவையும் உண்டு. ஒரே படகுக்கு இரண்டு முறையும் பொருந்துகின்றன என்றால், தெரிவு ஓட்டுபவரையும் நீர்நிலையையும் பொறுத்தது என்றே பொருள்.

முதலில் பலத்தின் கணக்கு. பூம் ஒரு நெம்புகோல். அதன் திருப்புமையம் பாய்மரத்தில் உள்ளது. எடுத்துக்காட்டாக, பூமின் நீளம் 2.5 மீற்றர், பாயில் காற்றுத் தள்ளும் பலம் பாய்மரத்திலிருந்து 1 மீற்றர் தூரத்தில் 30 கிலோ எனக் கொள்வோம். பின்முனையில் கட்டினால் அதைத் தாங்க 12 கிலோ இழுவை போதும். நடுவில், அதாவது 1.25 மீற்றரில் கட்டினால் 24 கிலோ வேண்டும். முன்னதில் இரண்டு மடங்குக் கப்பியும் பின்னதில் நான்கு மடங்குக் கப்பியும் போட்டால், உராய்வை விட்டுப் பார்த்தால், இரண்டிலும் கைக்கு வரும் சுமை 6 கிலோதான். இழுக்க வேண்டிய கயிற்றின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

வித்தியாசம் கப்பிகளில் இருக்கிறது. கப்பிகள் கூடினால் உராய்வும் செலவும் கூடும். மெல்லிய காற்றில் கயிறு தானாக ஓடாமல் பூம் பாதியிலேயே நின்றுவிடும். அத்தகைய நாட்களில் ஒரு மடிப்பைக் கழற்றிவிடுவது நல்லது.

அடுத்தது பூமின் உறுதி. பின்முனையில் இழுக்கும்போது, பாயின் பின்மூலை இழுக்கும் இடத்துக்கு அருகிலேயே கயிறும் இழுப்பதால் பூம் அதிகம் வளையாது. மெல்லிய தடியே போதும். நடுவில் இழுத்தால் நடுப்பகுதி கீழ்நோக்கி வளையும். இவ்வளைவு பாயின் கீழ்ப்பகுதியைத் தட்டையாக்கும். பலத்த காற்றில் அது நன்மையே. ஆனால் பழைய மரப் பூமில் கட்டுமிடத்தை அப்படியே நடுவுக்கு மாற்றினால் அது முறியக்கூடும். பாரத்தைப் பூமின் இரண்டு இடங்களுக்குப் பங்கிடுவதே இதற்குச் சுலபமான பரிகாரம். சிறுவர்கள் ஓட்டும் 2.3 மீற்றர் நீள ஒப்டிமிஸ்ட் படகில் பூமில் கட்டிய நாண்கயிறு இந்த வேலையையே செய்கிறது.

இழுவையின் திசையும் முக்கியம். பூம் படகின் நடுக்கோட்டுக்கு அருகே இருக்கும்போது மெயின்ஷீட் அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது. அதனால் பாயின் பின்விளிம்பு இறுகி, மேற்பகுதியின் முறுக்கு குறைகிறது. பூம் வெளியே போகப் போகக் கயிறு சாய்ந்து, கீழ்நோக்கிய இழுவை போய்விடுகிறது. அப்போது பூமைக் கீழே அமர்த்தி வைப்பது பாய்மரத்தின் அடியோடு இணைந்த கிக்கர் கயிறு. கீழ்முனையைக் குறுக்குத் தண்டவாளத்திலோ குறுக்குக் கயிற்றிலோ நகரவிட்டால் பாயை அளவுக்கு மீறி இறுக்காமல் பூமை நடுவுக்குக் கொண்டுவரலாம்.

கையாளும் வசதியில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு குணம் உண்டு. கயிறு நடுத்தளத்திலிருந்து வந்தால் ஓட்டுபவர் முன்னே பார்த்தபடி இழுக்கலாம். படகைத் திருப்பும்போதும் முகம் முன்னோக்கியே இருக்கும். காற்றைப் பின்னால் வைத்துப் பாயைப் புரட்டுகையில் கயிற்றின் எல்லா மடிப்புகளையும் ஒரே பிடியாகப் பிடித்துப் பூமை மறுபக்கம் கொண்டுவரலாம். ஆனால் கப்பியும் கயிறும் படகின் நடு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்பலகை முறையில் நடு இடம் வெறுமையாக இருக்கும். பிள்ளைகளோடோ பொருட்களோடோ போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் பாய் புரளும் கணத்தில் தொய்ந்த கயிறு பின்பலகையின் மூலையிலோ சுக்கானிலோ மாட்டிக்கொள்ளக்கூடும். மாட்டினால் பூம் வெளியே போக முடியாது. படகு கவிழவும் கூடும்.

இரண்டையும் இணைத்த படகு லேசர். இதை வடிவமைத்தவர் கனடாவின் புரூஸ் கர்பி. இதில் கயிறு பின்பக்கக் குறுக்குக் கயிற்றிலிருந்து பூமின் முனைக்கு ஏறி, பூமோடு முன்னே ஓடி, நடுவில் இறங்கி ஓட்டுபவரின் கைக்கு வருகிறது. பின்முனையின் நெம்புபலமும் நடுக்கயிற்றின் வசதியும் சேர்ந்து கிடைக்கின்றன. பின்பலகையின் மூலையில் மாட்டும் தொல்லை மட்டும் இதிலும் உண்டு. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் ஓட்டியது இவ்வகைப் படகையே.

இலங்கையின் மலையக நீர்நிலைகளில் இந்தத் தெரிவுக்கு இன்னொரு அளவுகோலும் சேர்கிறது. கொத்மலை ஓயாவில் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் இருக்கிறது. நுவரெலியாவின் கிரெகரி வாவி 1873ஆம் ஆண்டிலிருந்து உள்ளது. மலைகள் சூழ்ந்த இத்தகைய நீர்ப்பரப்பில் காற்று சீராக வீசாது. மலையிடுக்கு வழியே திடீரெனப் பாய்ந்து, அடுத்த நிமிடமே திசை மாறும். அங்கே எப்போதும் கையில் இருக்கும் கயிறு, ஓட்டுபவரின் முன்னே அமைந்த கப்பி, கயிற்றைக் கவ்விப் பிடித்து ஒரே உதறலில் விடும் பற்றி ஆகியவையே உயிர்க்காப்பு. அதனால் தனியாக ஓட்டுபவருக்கு இவ்விடங்களில் நடுக்கயிறோ லேசர் போன்ற இணைப்பு முறையோ பொருத்தம். கயிற்றைப் பற்றியில் பூட்டிவிட்டுக் கைகட்டி உட்காரக் கூடாது.

எம்முறையைத் தெரிவுசெய்தாலும் சில விதிகள் பொது. பூம் நடுவில் நிற்கும்போது கீழ்முனை மேல்முனைக்கு நேர் கீழே இருக்க வேண்டும்; முன்னோ பின்னோ விலகினால் இழுவையில் ஒரு பங்கு வீணாகும். கீழ்முனையைத் திருகாணியில் மட்டும் நம்பிக் கட்டக் கூடாது. பலகையை ஊடுருவும் போல்ட்டும், அடியில் தடித்த தாங்குபலகையும் வேண்டும். துளை போடுவதற்கு முன் கயிற்றைத் தற்காலிகமாகக் கட்டி, மெல்லிய காற்றில் இருபக்கமும் படகைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தலையில் இடிக்கிறதா, சுக்கான்தண்டில் மாட்டுகிறதா, விட்டதும் ஓடுகிறதா என்ற மூன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மூன்றிலும் தேறிய இடத்திலேயே துளை போடுங்கள்.