பிளாஸ்டிக் துப்பாக்கி: விலை சரிந்தது எப்படி?

விருத்தாசலம், நல்லூர் பக்கத்து மக்களுக்கு அச்சு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பீங்கான் களிமண்ணைக் குழம்பாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பொம்மை உருவாகிவிடும்! பிறகு சூளையில் சுடுவார்கள். ஓர் அச்சில் பல பொம்மைகள். அதனால் விலை மலிவு.

கைத்துப்பாக்கியின் விலை சரிந்ததும் அச்சால்தான்!

கடைந்த காலம்

முன்பு துப்பாக்கியின் கைப்பிடிச் சட்டத்தை உருக்குக் கட்டியில் கடைந்து எடுத்தார்கள். துளை போட வேண்டும், ராவ வேண்டும், மெருகேற்ற வேண்டும். கைதேர்ந்த தொழிலாளி வேண்டும். உருக்கும் சீவலாக வீணாகும்.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த காஸ்டன் கிளாக், கத்தியும் திரைச்சீலைக் கம்பியும் செய்து வந்தவர். அவர் சட்டத்தைப் பிளாஸ்டிக்கில் வார்த்தார். 1982-ல் அந்நாட்டு ராணுவம் அந்தத் துப்பாக்கியை ஏற்றது. அவருக்கு முன்பே, 1970-ல், ஒரு ஜெர்மன் கம்பெனி பிளாஸ்டிக் துப்பாக்கி செய்தது. ஆனால் உலகெங்கும் பரவியது கிளாக்கின் துப்பாக்கியே.

குண்டு இல்லாமல் அதன் எடை சுமார் 630 கிராம். பழைய அமெரிக்க உருக்குத் துப்பாக்கியோ ஒரு கிலோவுக்கு மேல்!

குழலும் மேல்மூடியும் இன்றும் உருக்குதான். ஆகவே, "சோதனைக் கருவியில் அகப்படாது" என்பது வெறும் கதை.

அச்சின் கணக்கு

உருக்கு அச்சு செய்யப் பெருஞ்செலவு ஆகும். ஆனால் லட்சக்கணக்கில் வார்த்தால் ஒவ்வொன்றின் தலையிலும் விழும் பங்கு சொற்பம். மற்ற கம்பெனிகளும் போட்டிக்கு வந்தன. 1994-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸனும் இறங்கியது. இன்று அமெரிக்காவில் 300 டாலருக்கும் குறைவாகப் புதுத் துப்பாக்கி கிடைக்கிறது.

நம் நாட்டில்?

கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-ல் பெண்களுக்காக "நிர்பீக்" என்ற கைத்துப்பாக்கியை வெளியிட்டது. டைட்டானியம் கலந்த உலோகம். எடை 500 கிராம். விலை 1,22,360 ரூபாய்!

பணம் இருந்தாலும் போதாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 2019-ல் வந்த திருத்தத்தின்படி, பொதுவாக ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம்.

அச்சு எதையும் மலிவாக்கும். பொம்மை மலிந்தால் வீட்டுக்கு வீடு கொலு வைக்கலாம். துப்பாக்கி மலிந்தால்? அதற்குத்தான் இத்தனை கட்டுக்காவல்!