சவரக்கத்தி முதல் சுழல் நாற்காலி வரை: முடிதிருத்தகக் கருவிகளின் தூய்மையும் பராமரிப்பும்

அரியலூர் மாவட்டத்திலும் பெரம்பலூர் மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதியிலும் நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல் பெருமளவில் படிந்துள்ளது. கிரெட்டேசியஸ் எனப் புவியியலாளர் குறிப்பிடும் காலத்தில், அதாவது டைனோசர்கள் வாழ்ந்த நெடுங்காலத்தின் இறுதிக் கட்டத்தில், இப்பகுதி கடலுக்கடியில் இருந்தமையால் உருவான இப்படிவுகள் சிமென்ட் ஆலைகளுக்கு மூலப்பொருளாக அமைந்ததோடு, நிலத்தடி நீரைப் பல இடங்களில் கடின நீராகவும், அதாவது கால்சிய, மக்னீசிய உப்புகள் மிகுந்த நீராகவும், ஆக்கியுள்ளன. சோப்பு நுரைக்காத இந்தத் தண்ணீரும், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளிலிருந்து எழும் புழுதியும் எல்லாத் தொழில்களையும் தொடுகின்றன என்றாலும், நீர், கூரிய எஃகு, மனிதத் தோல் ஆகிய மூன்றும் நாள் முழுவதும் சந்திக்கும் முடிதிருத்தகத்தில் அவற்றின் பாதிப்பு கூடுதலாகவே தெரிகிறது. ஆகவே இவ்வட்டாரத்தில் சலூன் கடையின் தூய்மை பற்றிப் பேசும்போது, நோய்த்தொற்றைத் தடுப்பது, கருவிகளின் ஆயுளைக் காப்பது என்ற இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியுள்ளது.

தூய்மை என்ற பொதுச் சொல்லுக்குள் மூன்று படிகள் அடங்கியுள்ளன. முடித்துகள், எண்ணெய்ப் பிசுக்கு, அழுக்கு ஆகியவற்றைச் சோப்பும் நீரும் கொண்டு அகற்றுவது துப்புரவு. அதன் பின் எஞ்சும் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவற்றை வேதிப்பொருளால் அழிப்பது கிருமி நீக்கம். எளிதில் அழியாத நுண்வித்துகள் உட்பட எல்லா நுண்ணுயிர்களையும், பெரும்பாலும் அழுத்த நீராவியால், ஒழிப்பது நுண்ணுயிரற்றாக்கம். சலூன் கடைக்கு முதல் இரண்டு படிகளும் அன்றாடக் கடமைகள். அவற்றின் வரிசை மாறினால் பயனில்லை. அழுக்கும் எண்ணெயும் படிந்த சீப்பைக் கழுவாமல் கிருமிநாசினியில் அமிழ்த்தினால், மருந்து அழுக்கோடு வினைபுரிந்து வலுவிழக்குமே தவிர, அதன் அடியில் இருக்கும் கிருமியை எட்டுவதில்லை.

இதில் அக்கறை காட்ட வேண்டியதன் காரணம் அச்சம் தரக்கூடியது. கண்ணுக்குப் புலப்படாத அளவு இரத்தம் ஒட்டிய கருவியிலும், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ், உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு இருக்க வல்லது. படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சையின் வித்துகள், சீப்பிலும் டிரிம்மரிலும் சிக்கிய முடித்துகள்களில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடும். இந்தியாவில் எச்ஐவி தொற்று 1986ஆம் ஆண்டில் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதற்குப் பின் வந்த ஆண்டுகளில், ஒரே கத்தியைத் தீட்டித் தீட்டிப் பலருக்கும் பயன்படுத்திய பழைய வழக்கம் குறைந்து, ஒருவருக்கு ஒரு புதிய பிளேடு என்ற வழக்கம் சிற்றூர்க் கடைகளிலும் வேரூன்றியது. 2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர் வழியாக அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் கொரோனா தொற்று திடீரெனப் பெருகியபோது, இரண்டு மாத அளவு மூடிக் கிடந்த சலூன் கடைகள், முகக்கவசம், கிருமிநாசினி ஆகியவற்றை வலியுறுத்திய நிபந்தனைகளோடுதான் மீண்டும் திறக்கப்பட்டன. நெருக்கடிக் காலத்தில் கற்ற அப்பழக்கங்கள் நெருக்கடி நீங்கியதும் தளர்வது இயல்பு என்பதால், அவற்றின் அடிப்படையை நினைவில் நிறுத்துவது அவசியமாகிறது.

கத்தியும் படிகாரமும்

பிளேடை மாற்றுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பாதி பிளேடைப் பொருத்தும் கத்தியின் இடுக்கில் சோப்பு நுரையும் முடித்துகளும் தேங்குவதால், ஒவ்வொருவருக்கும் பின் பிடியைத் திறந்து, சிறு பிரஷால் தேய்த்துக் கழுவி, 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்ட பிறகே அடுத்த பிளேடைப் பொருத்த வேண்டும். அடர்த்தி கூடினால் வலிமையும் கூடும் என்ற எண்ணத்துக்கு மாறாக, ஏறத்தாழத் தூய ஆல்கஹாலைவிட 70 சதவீதக் கரைசலே நன்கு வேலை செய்கிறது. கிருமியின் புரதத்தைச் சிதைக்க நீரும் தேவைப்படுவதும், நீர் கலந்த கரைசல் ஆவியாகாமல் சற்று நேரம் தங்குவதும் அதற்குக் காரணங்கள்.

சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்கப்படும் படிகாரக் கல் தனியாகக் கவனிக்கத்தக்கது. படிகாரம் தோலைச் சுருங்கச் செய்து சிறு வெட்டுகளில் கசியும் இரத்தத்தை நிறுத்துகிறது என்பது உண்மையே. ஆனால் வெட்டுபட்ட ஒரு முகத்தில் தேய்த்த அதே கல்லை ஈரத்தோடு அடுத்த முகத்திலும் தேய்க்கும்போது, புதிய பிளேடு தரும் பாதுகாப்பு அந்தக் கணத்திலேயே வீணாகிறது. கல்லைப் பொடித்து வைத்து, வேண்டிய அளவைத் தூய பஞ்சில் தொட்டு ஒற்றிவிட்டுப் பஞ்சை எறிந்துவிடுவது, கூடுதல் செலவின்றி இக்குறையைப் போக்கும்.

டிரிம்மர், கத்தரி, சீப்பு

அமெரிக்காவில் லியோ வால் என்பவர் மின்சாரத்தில் இயங்கும் முடிவெட்டும் கருவியை 1919ஆம் ஆண்டில் சந்தைக்குக் கொண்டுவந்தது முதல், டிரிம்மரின் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை: அசையாத பல்வரிசை ஒன்றின் மேல் இன்னொரு பல்வரிசை விரைந்து ஓடி, இடையில் சிக்கும் முடியை அறுக்கிறது. இரண்டு உலோகத் தகடுகள் இடைவிடாமல் உரசுவதால் சூடு பிறக்கிறது. புழுதி கலந்த முடித்துகள் இடையில் சேர்ந்தால் அது உப்புத்தாள்போலத் தகட்டைத் தேய்த்து முனையை மழுங்கச் செய்கிறது. ஆகவே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பின் பல்வரிசையைப் பிரஷால் தட்டி ஸ்பிரிட்டால் துடைப்பதும், நாளின் முடிவில் பல்வரிசையைக் கழற்றிச் சுத்தம் செய்து இரண்டு மூன்று துளி மெல்லிய இயந்திர எண்ணெய் இட்டுச் சில நொடிகள் ஓடவிடுவதும் தேவை. கைக்கெட்டும் தேங்காய் எண்ணெயை இடும் வழக்கம் கருவிக்குக் கேடு தருவது; அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்குவதால், மார்கழிக் காலையில் கட்டிப்பட்டு மோட்டாருக்குச் சுமையாகிறது. கழற்றிய பல்வரிசையைத் திரும்பப் பொருத்தும்போது, ஓடும் பல்வரிசை அசையாப் பல்வரிசையின் விளிம்பைவிடச் சற்றே உள்வாங்கி நிற்பதை உறுதிசெய்ய வேண்டும். அது முன்னே நீட்டிக்கொண்டிருந்தால் தோல் வெட்டுப்படும்.

கத்தரியைப் பொறுத்தவரை, வியர்வையின் உப்பும் முடிச்சாயத்தின் வேதிப்பொருளும் எஃகை அரிப்பதால், பயன்பாட்டுக்குப் பின் துடைத்து உலர்த்தித் திருகாணியில் ஒரு துளி எண்ணெய் விடுவதே அடிப்படைப் பராமரிப்பு. சீப்புகளை முடி நீக்கிச் சோப்பு நீரில் பிரஷால் தேய்த்து அலசிய பின், கிருமிநாசினிக் கரைசலில் முழுவதும் மூழ்கும்படி, மருந்துப் புட்டியில் குறித்துள்ள நேரம் வரை வைத்திருக்க வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த மாரிஸ் கிங் 1947ஆம் ஆண்டில் உருவாக்கிய பார்பிசைட் என்னும் நீல நிறக் கரைசல் மேலைநாட்டுக் கடைகளின் அடையாளமாக மாறியது, இந்த அமிழ்த்தி வைக்கும் முறையால்தான். அதுபோன்ற குவாட்டர்னரி அம்மோனியம் வகை மருந்துகளின் திறனைக் கடின நீர் குறைத்துவிடும் என்பதால், அரியலூர்ப் பகுதியில் கரைசல் கலக்க ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்துச் சுத்திகரித்த கேன் தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது.

பல கடைகளின் அலமாரியில் நீல ஒளியோடு காணப்படும் புற ஊதாக் கதிர்ப் பெட்டி, மேற்கண்ட பணிகளுக்கு மாற்றாகாது. புற ஊதாக் கதிர் தான் நேராகப் படும் பரப்பில் மட்டுமே கிருமியை அழிக்கும். கத்தரியின் மடிப்புக்குள்ளும் சீப்பின் பற்களுக்கிடையிலும் அது முழுமையாகச் சென்று சேர்வதில்லை. சுத்தம் செய்த கருவிகளைப் புழுதி படாமல் வைத்திருக்கும் பேழையாக அதைக் கருதுவதே பொருத்தம்.

நாற்காலியும் தண்ணீர்க் கறையும்

ஏற்றி இறக்கும் சுழல் நாற்காலி, அடித்தண்டில் அடைபட்ட எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பைக் கொண்டது. உட்கார்ந்ததும் நாற்காலி மெல்லத் தாழ்ந்தால், எண்ணெய் கசிகிறது அல்லது உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குரிய ஹைட்ராலிக் எண்ணெயை விடுத்து வண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் அவ்வளையம் மேலும் கெடக்கூடும். இருக்கையின் ரெக்சினை மென்மையான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, வேறு துணியால் ஈரம் போக்க வேண்டும். ஸ்பிரிட்டையும் பிளீச்சிங் கரைசலையும் அடிக்கடி இட்டால் அதன் நெகிழ்வு குன்றி வெடிப்பு விடும், வெடித்த இடுக்கில் முடியும் வியர்வையும் புகுந்தால் எந்தத் துடைப்பும் பயன்படாது. தலை சாயும் பகுதிக்கு ஆளுக்கொரு காகிதமோ துவைத்த துண்டோ போதுமானது.

கண்ணாடி, தண்ணீர் தெளிக்கும் புட்டி, தலை அலசும் தொட்டி, முக நீராவிக் கருவி ஆகியவற்றில் படியும் வெண்மையான உப்புக் கறை கால்சியம் கார்பனேட் ஆகும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ அதைக் கரைத்துவிடும். இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தரையில் சிந்திய இரத்தத்தைச் சுத்தம் செய்ய, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலின் ஒரு பங்கோடு 9 பங்கு நீர் சேர்த்து 0.5 சதவீதமாக்கிப் பயன்படுத்துவது முறையானது. ஆனால் அக்கரைசலோடு வினிகர், எலுமிச்சை, கழிவறை அமிலம் ஆகிய எதுவும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். மேலும் அக்கரைசல் இரும்பை அரிப்பதால் கத்தரியையும் பல்வரிசையையும் அதில் இடலாகாது.

தொழிலாளரின் உடல்நலம்

தூய்மையின் பயன் வாடிக்கையாளரோடு நின்றுவிடுவதில்லை. வெட்டிய முடியின் கூரிய துண்டுகள் விரலிடுக்கின் தோலில் துளைத்துப் புகுந்து சீழ்ப்பிடிக்கும் புண்ணை உண்டாக்குவது முடிதிருத்துவோரிடம் பெரிதும் காணப்படும் தொழில்நோய். மாலையில் கைகளை நன்றாகக் கழுவி விரலிடுக்குகளைச் சோதிப்பது அதைத் தடுக்கும். பயன்படுத்திய பிளேடுகளைக் குப்பையில் வீசாமல், மூடியில் சிறு துளையிட்ட தகர டப்பாவில் சேர்த்து, நிரம்பியதும் மூடி ஒட்டித் தனியே ஒப்படைப்பது, குப்பையை வெறுங்கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரைக் காக்கும்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான சலூன் கடைகளுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நாற்காலியின் திருகுகளை முடுக்குதல், அடியில் சேர்ந்த முடியை அகற்றுதல், உப்புக் கறை நீக்குதல், மேல்துணிகளையும் துண்டுகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்தல், டிரிம்மரின் மின்கம்பியில் உரிந்த இடம் உண்டா என்று பார்த்தல் போன்ற வாரப் பணிகளை, அந்த ஓய்வைக் கெடுக்காமல், திங்கட்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி முடிப்பது நடைமுறைக்கு உகந்தது.

இவை அனைத்துக்கும் தேவைப்படும் செலவு சிறிது, நேரமே பெரிது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஐந்து நிமிடம் ஒதுக்க முடியாதபடி முடிதிருத்துநரை அவசரப்படுத்துவதும், சில ரூபாய்க்காகப் பேரம் பேசுவதும் வாடிக்கையாளர்தாம். ஆகவே கடைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் புதிய பிளேடையும், துவைத்த துண்டையும், துடைத்த டிரிம்மரையும் தயங்காமல் கேட்டுப் பெற வேண்டும். அதற்காகும் நேரத்தைப் பொறுமையோடு அளித்து, உரிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுக்கவும் வேண்டும்.