'மனிதன்' என்னும் சொல்லும் மகளிர் உரிமையும்

1948ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் பாரிசு நகரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் முதல் உறுப்பு மனிதப் பிறவியர் அனைவரையும் எழுவாயாகக் கொண்டு தொடங்குகின்றது. வரைவில் முதற்கண் அவ்விடத்தில் நின்ற சொல் அதுவன்று. 'மென்' என்னும் ஆங்கிலச் சொல்லே நின்றது. அச்சொல் ஆடவரையும் குறிக்கும். மக்கள் அனைவரையும் குறிக்கும். இவ்வொரு சொல் மாறிய வரலாறு சட்ட நூலார்க்கே உரியதெனச் சொல்லாராய்ச்சி செய்வார் விட்டுவிடுதல் தகாது. அதனை ஈண்டு ஒருவாறு நோக்குவாம்.

பிரகடனத்தை வரையும் பொறுப்பு மனித உரிமை ஆணையத்தினிடம் இருந்தது. உறுப்பினர் பதினெண்மருள் பெண்டிர் இருவரே. ஒருவர் தலைமை வகித்த எலினார் ரூசுவெல்ட் அம்மையார். மற்றவர் இந்தியாவின் சார்பில் அமர்ந்த அம்சா மேத்தா அம்மையார். 'மென்' என்று எழுதினால் பெண்களை விலக்கியதாகவே சில நாடுகள் பொருள்கொள்ளும் என மேத்தா அம்மையார் தடை எழுப்பினார். ரூசுவெல்ட் அம்மையாரோ, தம் நாட்டு வழக்கில் அச்சொல் பெண்களையும் தழுவும் என்று கருதினார். மகளிர் நிலை ஆணையமும் மாற்றத்தை வேண்டியது. இறுதியில் மேத்தா அம்மையார் கொண்ட கருத்தே நிலைத்தது.

இது வேண்டாத ஐயம் என்பாரும் உளராகலாம். அவர்கள் இங்கிலாந்தின் வரலாற்றைக் காண்க. 1867ஆம் ஆண்டில் வாக்குரிமைச் சீர்திருத்த மசோதா பாராளுமன்றத்தில் ஆராயப்பட்டபொழுது, அதிலுள்ள 'மேன்' என்னும் சொல்லை நீக்கி 'ஆள்' எனப் பொருள்படும் 'பெர்சன்' என்னும் சொல்லை இடுமாறு சான் சுடூவர்ட் மில் திருத்தம் கொணர்ந்தார். 73 பேர் அதனை ஆதரித்தனர். 196 பேர் எதிர்த்தனர். சட்டம் 'மேன்' என்றே நின்றது. ஆயினும் ஆண்பாற் சொற்கள் பெண்பாலையும் தழுவும் என்று 1850ஆம் ஆண்டுச் சட்டமொன்று பொதுவிதி வகுத்திருந்தது. அவ்விதியை நம்பி மான்செசுட்டர் நகரில் மகளிர் ஐயாயிரவருக்கு மேற்பட்டோர் தம் பெயரை வாக்காளர் பட்டியலிற் சேர்க்குமாறு வேண்டினர். 1868இல் வழங்கப்பெற்ற சோர்ல்ட்டன் எதிர் லிங்சு என்னும் தீர்ப்பு அதனை மறுத்தது. வரி செலுத்தும் கடமையைச் சொல்லுமிடத்துப் பெண்ணைத் தழுவிய சொல் உரிமையைச் சொல்லுமிடத்து அவளைக் கைவிட்டது.

'ஆள்' என்னும் சொல் மட்டும் காத்ததோ எனின், அதுவும் இன்று. கனடா நாட்டு மேலவைக்கு அமர்த்தத் தக்க 'ஆட்கள்' என்பதில் பெண்டிர் அடங்கார் என 1928இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1929இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அதனை மாற்றி, அடங்குவர் எனத் தீர்த்தது.

இங்குத் தொல்காப்பியக் கிளவியாக்கம் நமக்குத் துணை செய்கின்றது. பல பொருள் கலந்து நிற்பினும் ஒன்றன் தலைமையாலோ பன்மையாலோ முழுவதற்கும் பெயரிடும் வழக்கு உண்டு என ஆசிரியர் வகுத்தார். கமுகந்தோட்டம் என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. பிற மரங்களும் அங்கு உள. பெயர் மட்டும் கமுகுக்கு. மக்கள் அனைவரையும் 'மென்' என்றதும் இத்தகைய தலைமை வழக்கே என்பது என் துணிபு. எண்ணிக்கையில் மகளிர் ஏறத்தாழப் பாதியராதலின் பன்மை பற்றியது என்றல் பொருந்தாது. தோட்டத்தின் பெயரால் வாழைக்கு இழப்பில்லை. நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டிய நிலை அதற்கு இல்லையன்றோ!

சொல் திருந்தியபின் பொருள் திருந்தவேண்டியிருந்தது. 1979 திசம்பர் 18இல் ஏற்கப்பெற்று, 1981 செப்டம்பர் 3இல் நடைமுறைக்கு வந்த மகளிர்க்கெதிரான அனைத்துப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கை அப்பணியை மேற்கொண்டது. அதன் முதல் உறுப்பு பாகுபாட்டிற்கு இலக்கணம் கூறுகின்றது. நோக்கத்தால் மட்டுமன்றி விளைவாலும் ஒரு செயல் பாகுபாடாகும் என்பதே அவ்விலக்கணத்தின் சிறப்பு. எனவே, பெண்ணை ஒதுக்க எண்ணியதில்லை என்று கூறி ஓர் அரசு தப்ப இயலாது.

எனினும் உடன்படிக்கையின் வலிமையைக் குறைக்கும் வாயில் அதன் உள்ளேயே உண்டு. விலக்கு உரைத்து ஒப்பமிட நாடுகட்கு இடமளிக்கப்பட்டது; உடன்படிக்கையின் நோக்கத்திற்கு முரணான விலக்கு கூடாது என்பதே வரம்பு. இந்தியா 1980இல் கையொப்பமிட்டு 1993இல் உறுதி செய்தது. வழக்கங்களை மாற்றுதல், திருமணத்தில் சமன்மை ஆகியவற்றைக் கூறும் உறுப்புகளைப் பொறுத்தமட்டில், எச்சமுதாயத்தின் தனிவாழ்விலும் அதன் முன்முயற்சியும் இசைவும் இன்றித் தலையிடாக் கொள்கைக்கு இயைபவே செயற்படும் என்று அறிவித்தது. அச்சமுதாயத்தின் இசைவை உரைக்கும் வாய் யாருடையது, அதில் பெண்ணின் குரலும் அடங்குமோ என்பது அவ்வறிவிப்பில் விளங்கவில்லை. 'மென்' என்னும் சொல்லிற் கண்ட இடர்ப்பாடே 'சமுதாயம்' என்னும் சொல்லிலும் புகுந்தது என்க. ஆயினும் உடன்படிக்கை வாளாவிருக்கவில்லை. பணியிடத்துப் பாலியல் தொல்லைக்கெனத் தனிச்சட்டம் இல்லாத 1997ஆம் ஆண்டில், விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வுடன்படிக்கையைத் துணைக்கொண்டு நெறிமுறைகளை வகுத்தது. சட்டம் 2013இல் வந்தது.

மொழிபெயர்ப்பாளர் கருதற்பாலது ஒன்று உண்டு. பிரகடனத்தின் முதல் உறுப்புத் திருந்தியபோதிலும், உழைப்பவர் ஊதியம் பற்றிய 23ஆம் உறுப்பிலும் வாழ்க்கைத்தரம் பற்றிய 25ஆம் உறுப்பிலும் ஆங்கில மூலம் ஆண்பாற் சுட்டையே கொண்டுள்ளது. குடும்பம் 'அவனுடைய' குடும்பமாகவே நிற்கின்றது. தமிழில் 'தமக்கும் தம் குடும்பத்திற்கும்' என்று பெயர்த்தால் அக்குறை தோன்றாது. 'தாம்' என்பதற்குப் பால்வேறுபாடு இல்லை. இது நம் மொழியின் வளமே. ஆனால் தமிழ்ப் பெயர்ப்பை மட்டும் கற்கும் மாணவர், 1948இல் சொற்போர் பாதியளவே வெல்லப்பட்டது என்பதை அறிய வழியின்றிப் போகின்றனர். ஆதலின் ஆய்வுப் பதிப்புகளிலேனும் அவ்விரண்டு இடங்களிலும் மூலத்தின் பாலைக் குறிப்பிட்டு ஓர் அடிக்குறிப்பு இடுதல் வேண்டும்.