நெருங்கினால் பாடும் வாத்தியம்

1920ஆம் ஆண்டையொட்டி, பெத்ரோகிராடில் வாயுக்களின் மின் குணங்களை அளந்துகொண்டிருந்த லெவ் தெர்மன் என்னும் ரஷ்யப் பௌதிக அறிஞர், தம் கருவியோடு பூட்டியிருந்த காதுக்குழலில் கேட்ட சுருதி, கை நெருங்கவும் விலகவும் ஏறி இறங்கக் கண்டார். அளவையைக் கெடுக்கும் உபத்திரவம் என்று பிறர் தள்ளியிருக்கக்கூடிய அந்த விகாரத்தில், செல்லோ வாத்தியம் பயின்றவராகிய அவர் ஒரு சங்கீதக் கருவியைக் கண்டார். தெரிமின் என்று பெயர்பெற்ற அதனை வீட்டு மேஜையிலேயே அமைத்துக்கொள்ளும் ரசிகர்கள் இன்றும் உண்டு.

கருவியினுள் இரண்டு ஆஸிலேட்டர்கள் இயங்குகின்றன. இரண்டும் 300 கிலோஹெர்ட்ஸில் அதிர்வதாகவும், ஒன்றில் மட்டும் ஆன்டெனா இணைந்திருப்பதாகவும் கொள்வோம். அவற்றின் அதிர்வெண்களின் வித்தியாசமே நம் செவிக்கு எட்டும் ஸ்வரம். ஆன்டெனாப் பக்கத்துச் சுற்றின் மின்தேக்குதிறன் 500 பிகோஃபாரட் என்றால், கை நெருங்குவதால் கூடும் ஒரே ஒரு பிகோஃபாரட், அதாவது ஒரு ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, அதிர்வெண்ணை 300 ஹெர்ட்ஸ் தாழ்த்திவிடும். இவ்வளவு நுண்ணிய மாற்றத்துக்கு இணங்கும் கருவியை, தொய்ந்து ஆடும் கம்பியும், நகரும் நாற்காலியும், வேடிக்கை பார்க்க வந்தவரின் தோளும்கூட வாசித்துவிடும். ஆகையால் ஆன்டெனாக் கம்பி விறைப்பாகவும், சேஸிஸ் உலோகமாகவும், எர்த் உறுதியாகவும் இருத்தல் அவசியம்.

உஷ்ணமும் ஒரு சத்துரு. பாகைக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறும் கண்டென்சர், இச்சுற்றில் ஒவ்வொரு பாகைக்கும் 15 ஹெர்ட்ஸ் சுருதியை நகர்த்தும். மலிவான செராமிக் வில்லைகளைவிட வெள்ளி பூசிய அப்ரகக் கண்டென்சர்களே உத்தமம். ஒரே வகைப் பாகங்களை இரு ஆஸிலேட்டர்களிலும் இட்டு அருகருகே வைத்தால், இரண்டும் சேர்ந்தே நகர்வதால் வித்தியாசம் பெரும்பாலும் மாறாது.

ஆனால் அந்த அருகாமையிலேதான் பெரிய விபரீதம் ஒளிந்திருக்கிறது. ஒரே ஆதாரத்தில் தொங்கிய இரு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே இசைந்து ஆடுவதை டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1665இல் கண்டாரல்லவா? அவ்வாறே, அதிர்வெண்கள் நெருங்கி வருகையில் ஒரு ஆஸிலேட்டர் மற்றதைத் தன்வசம் இழுத்துப் பூட்டிக்கொள்கிறது. படிப்படியாக மந்தர ஸ்தாயிக்கு இறங்கவேண்டிய நாதம், ஓர் உறுமலோடு திடீரென அற்றுப்போகிறது. பலர் ஒலிபெருக்கியின்மேல் பழியைப் போடுவர். காரணம் அறிய, ஒரு ஆஸிலேட்டருக்குத் தனி பாட்டரி கொடுத்துப் பார்க்கவேண்டும். பூட்டு அகன்றால் கசிவு மின்வழங்கு கம்பியில்தான், ஒவ்வொன்றின் வழியிலும் சில நூறு ஓம் ரெஸிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் இட்டால் தீரும். அகலாவிட்டால் காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி, இடையே உலோகத் தகட்டை நிறுத்தவேண்டும். அதற்கும் மசியாததாயின், இரண்டும் கலக்கும் மிக்ஸருக்கு முன்னால் ஒரு பஃபர் படி தேவை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுகிறவருக்கு எது குற்றவாளி என்பது கடைசிவரை விளங்காது. அற்பமான பிணைப்பு மந்தர ஸ்வரத்தின் அலையைக் கோணலாக்கி நாதத்துக்குக் கனம் சேர்ப்பதால், சிலர் அதை மனமறிந்தே விட்டுவைப்பதும் உண்டு.

இனி அண்டை வீட்டார் புகார். ஆஸிலேட்டர் தன் அதிர்வெண்ணின் மடங்குகளையும் சிறிது வெளிவிடும்; 300 கிலோஹெர்ட்ஸின் மூன்றாம் மடங்கு 900. அது மத்திய அலையின் நடுவில் விழுவதால், அவ்விடத்தில் ஒரு நிலையம் இருப்பின் அவர்களுடைய ரேடியோ சீழ்க்கையடிக்கும். இரு ஆஸிலேட்டர்களையும் 10 கிலோஹெர்ட்ஸ் நகர்த்தினால் மூன்றாம் மடங்கு 30 நகர்ந்து, சீழ்க்கை செவிக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். புதிய இடத்தில் வேறொரு நிலையம் இல்லையா என்று மட்டும் ஒரு சிறு ரேடியோவைத் திருகிப் பார்த்துக்கொள்வது நலம்.