அலங்காரம் மட்டும் போதுமா?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த அரை மணி தூரத்தில் இருந்த ஒருவனின் வேலைக்கு நான் வேட்டு வைத்த கதை இது.

எனக்கு கம்ப்யூட்டர் தெரியும் என்ற வதந்தியை நம்பி, எங்க ஊர் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்று வெப்சைட் செய்து தரச் சொன்னது. செய்தேன். பச்சை, மஞ்சள், ஓடும் எழுத்து... சும்மா தேர்த்திருவிழா மாதிரி ஜொலித்தது! கணக்கர் வேலைக்கு விண்ணப்பப் படிவமும் அதிலேயே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் காலேஜ் நண்பன். பி.காம். பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் 'என்.வி.டி.ஏ.' என்ற இலவச சாஃப்ட்வேர்தான் அவனுக்குத் துணை. 2006-ல் அதை எழுத ஆரம்பித்த ஆஸ்திரேலியர் மைக்கேல் கர்ரனும் பார்வையற்றவர்தான்.

கடைசித் தேதி முடிந்த மறுநாள் போன் போட்டேன்.

"அப்ளை பண்ணிட்டியாடா?"

"உன் சைட்டுல வாசலே இல்லையே, மாப்ளே!"

சனிக்கிழமை பஸ் ஏறினேன். பால்கோவா கொடுத்துவிட்டு, என் சைட்டை ஓட விட்டான். "எடிட்... எடிட்... எடிட்..." என்றது குரல். எது பெயர், எது போன் நம்பர்? கட்டங்களுக்கு நான் லேபிளே கொடுக்கவில்லை. 'அனுப்பு' பட்டன்? வெறும் பெட்டிக்கு கலர் அடித்து வைத்திருந்தேன். டேப் விசை அதில் நிற்கவே இல்லை. தமிழ்ப் பக்கத்துக்கு மொழி 'ஆங்கிலம்' என்று குறித்திருந்தேன். குரல் திணறாமல் என்ன செய்யும்?

அவன்தான் விளக்கினான். "எங்க ஆண்டாள் கோயில்ல மூலவர் அப்படியே இருக்கும், அலங்காரம்தான் மாறும். நீ அலங்காரத்தை மட்டும் வச்சுட்டு மூலவரை மறந்துட்டே!"

உண்மைதான். எது தலைப்பு, எது பட்டன் என்று சொல்வது எச்.டி.எம்.எல். கலர், எழுத்தின் அளவு எல்லாம் ஸ்டைல் ஷீட்டின் பொறுப்பு. இப்படி இரண்டையும் பிரிக்கும் சி.எஸ்.எஸ். யோசனையை 1994-ல் முன்வைத்தவர் நார்வேக்காரரான ஹோகன் வியூம் லீ. 1996 டிசம்பரில் அது அதிகாரபூர்வ தரமானது. எல்லோரும் பயன்படுத்தும்படி சைட் செய்வதற்கான உலக வழிகாட்டி 1999-லேயே வந்தாச்சு. டிஜிட்டல் வசதியும் வாழும் உரிமையில் சேர்த்தி என்று 2025 ஏப்ரலில் நம்ம சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

ராத்திரியே உட்கார்ந்தேன். பெரிய எழுத்தில் போட்டு ஏமாற்றியதை நிஜத் தலைப்பாக்கினேன். 'எச்' விசையைத் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். கட்டங்களுக்கு லேபிள், படங்களுக்கு விளக்கம், நிஜ பட்டன், மொழி தமிழ். கலரெல்லாம் ஸ்டைல் ஷீட்டுக்குப் போனது. ஓடும் எழுத்தை மட்டும் நிற்க வைத்தேன்.

முதலாளி பார்த்தார். "என்ன தம்பி, எதுவுமே மாறலையே?"

அந்த வேலை போனது போனதுதான். மறுபடி விளம்பரம் வந்தபோது, நண்பன் யார் துணையும் இல்லாமல் விண்ணப்பித்துவிட்டு போன் செய்தான்.

"மாப்ளே, சைட் இப்பத்தான் பார்க்க நல்லா இருக்கு!"